ஒண்ணை எடு

ஜூன் 3, 2018, ஞாயிறு

பெட்டி பேசவில்லை. காலையிலிருந்து எழிலன் அதன் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருக்கிறான். திரையில் எழுத்து வருகிறது, டிஸ்க் கறகறவென்று சுற்றுகிறது, வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அவன் அடிப்பதை வாசித்துக்காட்டும் பேச்சுக் கார்டு செருகியிருக்கும் நாலாம் நம்பர் ஸ்லாட்டில் ஒரு பல்லி. செத்து எத்தனை மாதமோ, அப்பளமாகக் காய்ந்திருந்தது. அது விட்டுப்போன ஈரத்தில் ஸ்லாட்டின் உள்பற்கள் பச்சை பூத்து, சில உடைந்தே போயிருந்தன. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இது விழுவதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

இரண்டு வருடமாகத் தொடாத பெட்டி. இன்றைக்கு என்ன திடீர் அக்கறை என்று கேட்டேன். 24-ஆம் தேதி சௌந்தரபாண்டியன் சார் வீட்டுக்கு வருகிறார் இல்லையா, அவரிடம் தானே பேச வேண்டுமாம்.

எழிலன் என் தம்பி. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கை, கால், நாக்கு மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. அறிவில் எனக்குச் சமம், சில நாள் எனக்கு மேலே. அவன் பேசுவது மற்றவர்களுக்குச் சத்தம், எனக்கு மட்டும் தமிழ். சிறு வயதிலிருந்து அவனுக்கு வாய் நான்தான். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

நான் இருக்கும்போது பெட்டி எதற்கு என்றேன். அவன் நாலாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 4

பள்ளிக்கூடத்து லேபிலிருந்து மல்டிமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இயற்பியல் டீச்சராக இருப்பதில் உள்ள ஒரே லாபம். ஸ்பிரிட்டும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நாலாம் நம்பர் போயே போய்விட்டது. கார்டுக்கு ஒன்றுமில்லை. அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டது.

1988-இல் சிங்கப்பூர் சித்தப்பா வாங்கிவந்த வீட்டுக் கம்ப்யூட்டர். உள்ளே வரிசையாக எட்டு ஸ்லாட், சைபரிலிருந்து ஏழு வரை நம்பர் போட்டிருக்கும். ஒன்றில் பிரிண்டர் கார்டு, மூன்றில் திரைக் கார்டு, நாலில் பேச்சு, ஆறில் டிஸ்க். அப்போது எழிலனுக்குப் பத்தொன்பது வயது. இடது கையின் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் பேசவென்று செய்த கார்டை, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, தமிழ் பேச வைத்தான். ழகரம் மட்டும் அதற்கு வரவே இல்லை. எழிலன் என்று அடித்தால் எர்லன் என்று சொல்லும். அப்பா தமிழாசிரியர். மகள் கயல்விழி, மகன் எழிலன் என்று தேடித்தேடிப் பெயர் வைத்தவர். அந்த எர்லனைக் கேட்டுவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை.

ஜூன் 6

பள்ளியில் கொடைக்கானல் டூருக்கு யார் பொறுப்பு என்று தலைமையாசிரியை கேட்டார். எழிலன் இருக்கிறானே மேடம் என்றேன். உடனே விட்டுவிட்டார். போன வருடம் மணப்பாறைக்குப் பதவி உயர்வில் போகச் சொன்னபோதும் இப்படித்தான் விட்டார்கள். தம்பி இருப்பதில் சில சௌகரியங்களும் உண்டு.

சாயங்காலம் அவனை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஒரு சாக்கு அரிசியைத் தூக்கினால்கூட இவ்வளவு வலிக்காது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவனும் சிரித்தான்.

ஜூன் 9, சனி

அஞ்சாம் நம்பர் காலியாகத்தானே இருக்கிறது, அதில் செருகிவிடலாம் என்று நினைத்தேன். செருகினேன். பேச்சுக் கார்டின் முதுகில் உருளையாக ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கிறது. அது ஆறிலிருக்கும் டிஸ்க் கார்டை இடிக்கிறது. நடுவில் அட்டை வைத்துப் பார்த்தேன், டிஸ்க் நின்றுவிட்டது.

ஏழாம் நம்பர். திரை முழுக்க மேலும் கீழுமாக ஓட ஆரம்பித்தது. பார்த்தால் தலை சுற்றுகிறது.

இது போதாதென்று இன்னொரு சிக்கல். ஸ்லாட் நம்பர்தான் கார்டுக்குக் கதவு எண். எழிலன் எழுதிவைத்த ஒவ்வொரு ஃபைலிலும் நாலு என்றே எழுதியிருக்கிறான். வீடு மாறினால் அத்தனை ஃபைலிலும் கதவு எண்ணை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஒரு பொது இடத்தில் எழுதி எல்லாவற்றையும் அதைப் பார்க்க வைத்திருக்கக் கூடாதாடா என்று கத்தினேன்.

"ஒண்ண எடு," என்றான்.

"எதையாவது ஒண்ண எடுத்தா மத்தது வேலை செய்யாதுடா. டிஸ்க்க எடுத்தா ஃபைல் இல்ல. திரைய எடுத்தா எழுத்து இல்ல."

மறுபடியும் ஒண்ண எடு என்றான். எனக்கு வெறுப்பாக வந்தது. மூடியை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

சௌந்தரபாண்டியன் சார் போன் செய்தார். அவர் யாரென்று இங்கே எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது. ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் பக்கத்து மேஜை. மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறது, பையன் பெங்களூரில். முகாம் முடிந்த அன்று, கூட்டல் சரிபார்ப்பதுபோல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு. தம்பி இருக்கிறான், அவனுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். மனுஷன் விடவில்லை. அப்படியானால் தம்பியையே கேட்கிறேன் என்றார். அதற்குத்தான் 24-ஆம் தேதி.

போனை ஸ்பீக்கரில் போடு என்று எழிலன் அடம் பிடித்தான். போட்டேன். நீளமாக ஏதோ பேசினான், முடிக்கும்போது வியர்த்துவிட்டது.

"என்ன டீச்சர் சொல்றாரு?"

"நல்லா இருக்கீங்களான்னு கேக்குறான் சார்."

"இவ்வளவு நேரம் சொன்னாரே, அவ்வளவுதானா?"

"அவனுக்கு ஒரு வார்த்தை வர்றதுக்கே நேரமாகும்," என்றேன். அவன் என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

ராத்திரிச் சாப்பாடு ஊட்டும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இரண்டு இட்லி வீண்.

ஜூன் 12

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் போனில் தமிழ் பேசும் ஆப் போட்டுக் கொடுத்தாள். எழுதினால் அச்சு அசலாகப் படிக்கிறது. ழகரம் அப்படி இனிக்கிறது. இதற்குப்போய் ஒரு வாரமாகப் பல்லியைச் சுரண்டிக்கொண்டிருந்தேனே என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எழிலன் ஒரு வரி அடித்தான். ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது. போனைத் தள்ளிவிட்டான்.

"ஏண்டா, நல்லாத்தானே பேசுது?"

"அது நீ," என்றான்.

சரி, எழுதியே காட்டேன், அவர் வாத்தியார்தானே, படித்துக்கொள்வார் என்றேன். வாத்தியார்கள் கையில் எழுத்தைக் கொடுத்தால் திருத்திவிடுவார்களாம். இரண்டு பேரும்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

ஜூன் 13

மழை. கரண்ட் இல்லை. பெட்டியும் பேசவில்லை, நானும் அவனும் பேசவில்லை.

ஜூன் 15

சைபர் நம்பர் மெமரி கார்டுக்கு மட்டும்தான், மிச்சம் இருப்பது இரண்டாம் நம்பர். அதில் செருகினேன், பக்கத்துத் திரைக் கார்டு குட்டை என்பதால் உருளை இடிக்கவில்லை. எழிலன் சொல்லச் சொல்ல ஒரே ஒரு வரியில் கதவு எண்ணை இரண்டு என்று மாற்றி அடித்தேன். முதல் தடவை தெளிவாக "அக்கா" என்றது. இரண்டு வருடம் கழித்து அந்தத் தகரக் குரலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உடனே இன்னொரு தடவை தட்டினான். "அக்க்க்" என்று இழுத்தது. மூன்றாம் தடவை குடிகாரன் மாதிரி உளறிவிட்டு நின்றுவிட்டது.

தொட்டுப் பார்த்தேன், கார்டு கொதிக்கிறது. ஒரு பக்கம் பிரிண்டர் கார்டு, இன்னொரு பக்கம் திரைக் கார்டு, நடுவில் காற்றுப் போக வழியில்லை. வெப்பச் சலனத்தை வருடா வருடம் போர்டில் படம் போட்டு நடத்துகிறேன். இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் முறத்தால் விசிறினேன்.

"ஒண்ண எடு," என்றான் மறுபடியும்.

திரைக் கார்டை எடுத்துப் பார்த்தேன். திரை இருண்டுவிட்டது. திருப்பிச் செருகினேன்.

பிரிண்டர் கார்டு என்னுடையது. அந்தப் பெட்டியில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ஒரு காலத்தில் கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் அடிப்பேன். பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டே பல வருடம் ஆகிறது, கார்டு மட்டும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், சோறா கேட்கிறது.

ஜூன் 17, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் நான் பொய் சொன்னதாக ஆகக் கூடாது.

"இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. இது சரிப்படாது. அவரு வரட்டும், நீ சொல்லு, நான் சொல்றேன். எப்பவும் போல."

"ஒண்ண எடு."

"எந்த ஒண்ண?"

"ஒண்ண."

"அதான் எந்த ஒண்ணுன்னு கேக்குறேன்."

"ஒண்ணு!"

"ஏண்டா, எட்டு ஸ்லாட் இருக்கு, நாலு கார்டு இருக்கு, பொத்தாம் பொதுவா ஒண்ண எடு ஒண்ண எடுன்னா நான் எதடா எடுக்குறது?"

அவன் முகம் சிவந்துவிட்டது. கையில் வைத்திருந்த குச்சியை, விரல் சோர்ந்தால் விசை தட்ட வைத்திருக்கும் ரப்பர் முனைக் குச்சியை, திறந்திருந்த பெட்டிக்குள் தூக்கிப் போட்டான். கைதவறி எங்கோ போகும் என்று நினைத்தேன். பிரிண்டர் கார்டின் தலையில் போய் விழுந்து நின்றது.

ஒண்ணு. ஒண்ணாம் நம்பர். ஒண்ணாம் நம்பரில் இருப்பதை எடு என்று முதல் வாரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இவன் பேசுவது உலகத்தில் எனக்கு மட்டும்தான் புரியும் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பெருமையாக எழுதிவைத்தேன்.

தெளிவாகச் சொல்லியிருக்கலாம் அவனும்.

ஜூன் 18

பிரிண்டர் கார்டை எடுத்துவிட்டேன். கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. அது இருந்த இடத்தில் காற்று போகிறது. பெட்டி "அக்கா, அக்கா, அக்கா" என்று இருபது தடவைக்கு மேல் கூப்பிட்டது, குரல் பிசிறவில்லை. எழிலன் நிறுத்த மாட்டேன் என்கிறான். தெருவில் போன தபால்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 20

சரி, இப்போதாவது ஒழுங்காக வேலையைப் பார்ப்போம் என்று ஃபைல்களில் நாலை இரண்டாக மாற்ற உட்கார்ந்தேன். கைவேகத்துக்கு ஒரே சாயங்காலத்தில் பாதியை முடித்துவிடுவேன். தொடாதே என்கிறான். ஒரே ஒரு புது ஃபைல் போதுமாம், அதைத் தானே அடிப்பானாம். ஒற்றை விரலால் ஒரு வரி அடிக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றால் திரைமேல் துண்டைப் போடச் சொல்கிறான். காபி போடு என்கிறான். போட்டுக்கொண்டு வந்தால் தண்ணீர் கொண்டுவா என்கிறான். நான் என்ன ஹோட்டல் சர்வரா.

இந்தக் கழுதைப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. எனக்குக் கிடையாது.

ஜூன் 22

நான் பள்ளிக்குப் போனதும், பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியத்தை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறானாம். என்ன அடித்தான் என்று பாக்கியத்தைக் கேட்டேன். "எனக்கு இங்கிலீசு தெரியுமாக்கா," என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சௌந்தரபாண்டியன் சாருக்குப் போன் செய்து, எழிலனுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். லேசாக இருமினான் நேற்று. நம்பரை எடுத்தும்விட்டேன். அப்புறம் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24, ஞாயிறு

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு பூவம்பழம். சோபாவைக் காட்டினேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எழிலன் பக்கத்தில் உட்கார்ந்தார். திறந்து கிடந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"சைபர்லேருந்து நம்பர் போட்டிருக்காங்களே. சரியான முறை அதான்," என்றார். எழிலனுக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எழிலன், டீச்சர் சொன்னாங்க, எடம் மாறினா உங்களுக்கு ஒத்துக்காதுன்னு. நியாயம்தான். அதான் நீங்க எதுக்கு மாறணும், நானே இங்க வந்துடறேன்னு போன மாசமே சொன்னேன். எனக்கு என்ன இருக்கு, ரெண்டு பெட்டி, ஒரு சைக்கிள். அதுக்கும் உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னு டீச்சர் சொன்னாங்க. அத உங்க வாயாலயே கேட்டுட்டா எனக்கு நிம்மதி."

எழிலன் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவர் இங்கே வந்துவிடுகிறேன் என்றதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

விசையைத் தட்டினான். டிஸ்க் சுற்றியது.

"வ-ணக்-கம். நான் எர்லன்," என்றது பெட்டி.

சார் நிமிர்ந்து உட்கார்ந்து, பெட்டிக்கும் அவனுக்குமாகச் சேர்த்து ஒரு வணக்கம் வைத்தார். டிஸ்க் மறுபடியும் சுற்றியது.

"அக்கா. நான் சாக்கு இல்ல."

என் வாய் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. "அது ஒண்ணுமில்ல சார், அன்னைக்கு கட்டில்ல மாத்தும்போது அரிசி சாக்கு மாதிரி கனக்குறேன்னு விளையாட்டுக்குச் சொன்னேன், அத மனசுல வச்சுக்கிட்டு..."

"டீச்சர்," என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. "அது எனக்கே புரிஞ்சுதுங்க."

எழிலன் இன்னொரு தடவை தட்டினான். "அக்கா. நான் சாக்கு இல்ல."

காபி கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. இந்த வாக்கியத்துக்காகவா நான் பல்லி எச்சத்தைச் சுரண்டினேன், இதற்காகவா என் கார்டைப் பிடுங்கினேன், இவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனது இதற்காகவா. கோபத்தில் அழுகையும் வந்தது. கோபத்தில் மட்டும்தான் என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

அறையில் பெட்டி பேசவில்லை. எழிலன் தன் சொந்தக் குரலில் ஏதோ சொல்வது கேட்டது. உள்ளே ஓடிப்போய் என்னவென்று சொல்ல வேண்டும்போல் கால் பரபரத்தது.

"பாலா? இல்ல? பழமா? பழம் வேணுமா? இல்லையா. சரி, இன்னொரு தடவை சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. பல்... பல்லியா? பல்லி. பல்லி என்ன பண்ணுச்சு?"

எழிலன் சிரித்தான். தொண்டை அடைத்து, மூச்சு வாங்கி, நாற்காலி ஆடும் அளவுக்கு. அப்புறம் பல்லியின் கதையை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். அவர் ஒவ்வொன்றையும் தப்பாகப் பிடித்து, விட்டு, மறுபடியும் பிடித்தார். நான் வெறும் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

போகும்போது, பதில் இப்போது வேண்டாம் டீச்சர் என்றார்.

ஜூன் 25

பள்ளிக்குப் போனேன். கொடைக்கானலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம். நான் போகிறேன் என்றேன். தலைமையாசிரியை, தம்பி என்று ஆரம்பித்தார். பாக்கியம் இருக்கிறாள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பிரிண்டர் கார்டைப் பரணில் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். தூசி படியாமல் சுற்றிவைக்க ஒரு சாக்கு வேண்டும். சமையலறையில் தேடினேன், மாடிப்படிக்கு அடியில் தேடினேன், கொல்லையில் தேடினேன். எழிலன் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், என்ன தேடுகிறாய் என்று கேட்கவே இல்லை.

வீடு முழுக்கத் தேடியும் ஒரு சாக்குகூடக் கிடைக்கவில்லை. கார்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, அவருக்குப் போன் செய்தேன்.